மோதினாரிடம் போன ஆறு இலக்கம்

புதுப் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் கடைக்கு வந்து, "இதுல அந்தப் பச்சை எப்பைப் போட்டுத் தாங்க" என்று கேட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். பெட்டியைப் பிரிப்பீர்கள். கண்ணாடிமேல் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக்கை உரிப்பீர்கள். அதில் உங்களுக்கு ஒரு தனிச் சந்தோஷம். பிறகு நம்பரைக் கேட்டு, அடித்து, அழுத்துவீர்கள். மதுரங்குளிச் சந்தியில் இருபத்திரண்டு வருடம் கடை வைத்திருந்த நானும் அதைத்தான் செய்தேன். ஆயிரம் தடவை ஒன்றும் ஆகவில்லை. ஒரு தடவை ஆனது. இப்போது கடையை விட்டுவிட்டேன், கண்ணும் சரியில்லை. ஆனபடியால் என்னுடைய மடத்தனத்தை உங்களுக்குச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்று வியாழக்கிழமை, பகல் சாப்பாடு முடிந்த நேரம். கனமூலையிலிருந்து நிஸ்தார் வந்தார். கையில் புதுப் போன், அதற்குள் புது சிம். அவருடைய ராத்தாவின், அதாவது அக்காவின், கணவர் கமால்தீன் நானா மௌத்தாகி அன்றைக்கு ஒன்பதாவது நாள். உப்பளத்தில் வேலை செய்த மனுஷன், நெஞ்சு வருத்தக்காரர். ஒப்பரேஷனுக்குத் திகதி கிடைக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தபோதே போய்விட்டார். ஜனாஸா வீட்டுச் சனத்தில் வீட்டுப் போனின் மேல் யாரோ ஒரு பெரிய மனிதர் உட்கார்ந்துவிட்டார். யார் என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை. போன் இரண்டாகிவிட்டது.

"ராத்தா இத்தால இருக்கிறா நானா. புருஷன் மௌத்தான துக்க நாள் முடியாம வெளிய வர ஏலாது. அதான் நான் வந்தேன். மச்சான்ட பழைய நம்பர்லயே போடணும். ரிஸ்மியா அந்த நம்பருக்குத்தான் எடுப்பா" என்றார் நிஸ்தார்.

ரிஸ்மியா கமால்தீன் நானாவின் ஒரே மகள். சவூதியில் ஒரு வீட்டில் வேலை. அந்த வீட்டு மெடம் கிழமைக்கு ஒரு நாள், வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு, அரை மணித்தியாலம் போனைக் கையில் கொடுப்பா. நமக்கு அது பின்னேரம் மூன்றரை மணி. அவளுடைய சவூதி நம்பர் உடைந்த போனுக்குள் மட்டும்தான் இருந்தது. வேறு யாருக்கும் தெரியாது. அனுப்பி வைத்த ஏஜென்ட் போனை எடுப்பதை நிறுத்திப் பல மாதம்.

"வாப்பா மௌத்தானது அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது நானா. போன வெள்ளி எடுத்திருப்பா, போன் இல்லயே. இந்த வெள்ளி, அதான் நாளைக்கு, அங்க இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்து வைக்கப் போறா. வாப்பாட ஒப்பரேஷனுக்காக. கடைசியாக் கதைச்சப்ப அப்படித்தான் சொன்னா."

கப்றில் இருக்கும் மனிதருக்கு ஒப்பரேஷன் செய்ய அந்தப் பிள்ளை இரண்டு வருடத்தை எழுதிக் கொடுக்கப் போகிறாள். நாளைக்கு மூன்றரைக்கு. அவசரம் என்று தலையில் ஏறிவிட்டது. அவசரம் தலையில் ஏறினால் விரல் முந்திவிடும், அதுதான் நம்முடைய தொழிலில் பெரிய வருத்தம்.

நிஸ்தார் நம்பரைச் சொன்னார். அடித்தேன். ஆறு இலக்கத்தை அனுப்பியிருக்கிறோம் என்று போன் சொன்னது. வரவில்லை. மீண்டும் அனுப்பு என்று அழுத்தினேன். வரவில்லை. டவர் பிழையாக இருக்கும் என்று கடைக்கு வெளியே போய் நின்று அழுத்தினேன். பஸ் தரிப்பிடத்துப் பக்கம் போய் அழுத்தினேன். இன்னும் ஒரு தடவை, ஏன் என்று தெரியாமலே, அழுத்தினேன். ஐந்தாவதோடு போன் எனக்குப் புத்தி சொன்னது. அதிகம் முயன்றுவிட்டீர்கள், இருபத்துநான்கு மணித்தியாலம் பொறுங்கள் என்றது. மணியைப் பார்த்தேன். மூன்றுக்குப் பத்து நிமிடம் இருந்தது.

அதற்குப் பிறகுதான் கேட்டேன். எப்போது கேட்டேன் என்று கவனியுங்கள். எல்லாம் பூட்டிய பிறகு.

"நிஸ்தார், மச்சான்ட சிம் எங்க?"

"அவர்ட சின்னப் போன்ல."

உப்பளத்தில் வேலை செய்கிறவர்களின் பழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், இந்தக் கரையில் கடை வைக்கிறவர்களுக்கு இது தெரியாவிட்டால் வேறு தொழில் பாருங்கள். உப்புக் காற்றில் பெரிய போன் மூன்று மாதம் தாங்காது. ஆகவே பெரிய போன் வீட்டில் இருக்கும், வீட்டு வைஃபையில் ஓடும். அதில் எப்பைத் திறந்த நம்பரின் சிம் பட்டன் போனுக்குள், பொலித்தீன் பைக்குள், உப்பளத்தில் இருக்கும். எனக்கு இது பல வருடமாகத் தெரியும். அன்றைக்குத் தெரியவில்லை.

"சரி, அந்தச் சின்னப் போன் எங்க?"

நிஸ்தார் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சதகா குடுத்திட்டோம் நானா, தானம். ஏழாம் நாள் கத்தம் ஓதினதுக்குப் பிறகு. சைக்கிள், ரெண்டு சாரம், சேட்டு, போன் எல்லாம். மோதினாருக்கு."

பள்ளிவாசலில் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் மோதினாரிடம் இருக்கிறது சிம். நான் அழுத்திய ஐந்து தடவையும் ஆறு இலக்கம் நேராக அவருடைய சட்டைப் பைக்குள் போயிருக்கிறது. எனக்கு நிம்மதியாக இருந்தது. தெரிந்த மனிதர், பக்கத்து ஊர், நல்லவர். கடையைப் பூட்டிவிட்டு நிஸ்தாரின் சைக்கிளில் பின்னால் ஏறினேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அதற்கு இரண்டு மாதம் முன்பு நம்முடைய பக்கத்தில் சிலருடைய பச்சை எப் கணக்குகளை யாரோ களவெடுத்தார்கள். ஆறு இலக்கத்தை நைசாகக் கேட்டு வாங்கி, அவர்களுடைய பெயரில் சொந்தக்காரரிடம் காசு கேட்டார்கள். பள்ளி நிர்வாகம் என்னைக் கூப்பிட்டு, ஜும்ஆவுக்குப் பிறகு ஐந்து நிமிடம் பேசச் சொன்னது. நான் பேசினேன். எனக்கு மைக் கிடைத்தால் கொஞ்சம் கூடத்தான் பேசுவேன். "அந்த நம்பரை யார் கேட்டாலும் குடுக்காதீங்க. நானே வந்து உங்கட வாசல்ல நிண்டு கேட்டாலும் குடுக்காதீங்க" என்று முடித்தேன். எல்லாரும் தலையாட்டினார்கள். அன்று மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவர் மோதினார்.

அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளி முற்றத்தில் அவரைப் பிடித்தோம். நான் ஸலாம் சொல்லி வாய் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்தார்.

"நானா, நீங்க சொன்ன கள்ளனுவள் இண்டைக்கு எனக்கும் வந்தானுவள். அஞ்சு தடவ! அஞ்சையும் அழிச்சிட்டேன்."

"அது கள்ளனுவள் இல்ல மோதினார். நான்தான்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. கோபம் இல்லை, பரிதாபம். வயதான காலத்தில் இப்படி ஆகிவிட்டாரே என்ற பரிதாபம்.

நிஸ்தார் முழுக் கதையையும் சொன்னார். மோதினார் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "எல்லாம் சரி. ஆனா நீங்கதானே சொன்னீங்க, நானே வாசல்ல வந்து நிண்டாலும் குடுக்காதீங்க எண்டு. இப்ப வாசல்லதான் நிக்கிறீங்க" என்றார்.

"அது பொதுவாச் சொன்னது."

"பொதுவாச் சொன்னதுதான் எல்லாருக்கும்."

இதற்கு உங்களில் யாரிடமாவது பதில் இருந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

நிஸ்தாரைத் தள்ளிக் கூட்டிப்போய், சிம்மை மட்டும் கழற்றித் தரச் சொல்லிக் கேட்கலாமே என்றேன். நிஸ்தார் பதறிவிட்டார். "சதகாவைத் திருப்பிக் கேக்கிறதா? என்ன கதை நானா இது? மச்சான்ட பேர்ல குடுத்தது!" அவர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். அடுத்த தடவை வரும் ஆறு இலக்கத்தையாவது வாசித்துத் தாருங்கள் என்று மோதினாரிடம் நானே கேட்டுப் பார்த்தேன். அவர் சொன்னார்: "போன் எனக்கு வந்தது, அல்லாஹ்வுக்காக. ஆனா அதுக்குள்ள கிடக்கிற நம்பர் எனக்கு வந்ததில்ல, அது மௌத்தானவர் நம்பி விட்டுட்டுப் போன அமானிதம். அவர்ட வீட்டுக்காரி தன்ட வாயால சொன்னா வாசிப்பேன். உங்களுக்குச் சொல்ல ஏலாது."

கடைக்காரனுக்கு எரிச்சல் வரத்தான் செய்யும். எனக்கும் வந்தது. சைக்கிளில் வரும்போது மோதினாரை நிறையத் திட்டினேன். ஆனால் வீடு வந்து சேர்வதற்குள் யோசித்தேன். அந்த ஊரிலேயே என் பேச்சைக் கேட்ட ஒரே மனிதர் அவர். மற்ற எல்லாரும் தலையாட்டிவிட்டுப் போனவர்கள். அவரைத் திட்டினால் நான் ஆள் இல்லை. எப்படியும் இருபத்துநான்கு மணித்தியாலம் பொறுக்கத்தான் வேண்டும். நாளைக்கு ஜும்ஆ முடிந்து கமால்தீன் நானாவின் வீட்டுக்கு வர மோதினார் சம்மதித்திருந்தார். பூட்டுத் திறப்பது மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது. பிள்ளை எடுப்பது மூன்றரைக்கு. நாற்பது நிமிடம் இருந்தது.

மறுநாள் இரண்டரைக்கே கமால்தீன் நானாவின் வீட்டில் இருந்தோம். முன் அறையில் நான், மோதினார், நிஸ்தார். அஸர் பாங்குக்கு இன்னொருவரைச் சொல்லிவைத்துவிட்டு வந்திருந்தார் மோதினார். உள் அறை வாசலில் தடித்த துணியில் ஒரு திரை. திரைக்குப் பின்னால் ஜெசீமா ராத்தா, கமால்தீன் நானாவின் மனைவி. நாலு மாதமும் பத்து நாளும் அவ வெளி ஆம்பிளைகள் முன்னால் வரக் கூடாது. இடையில் போய் வருவதற்கு நிஸ்தாரின் மனைவி.

மோதினார் தொண்டையைச் செருமினார். "ராத்தா, இந்த மனுஷன் கேக்கிற நம்பரை நான் குடுக்கவா?"

"குடுங்க மோதினார்" என்றது குரல். "அவ கையெழுத்து வெச்சிட்டா எண்டா என்னால தாங்க ஏலாது. குடுங்க."

மூன்றுக்குப் பத்து நிமிடம். பூட்டுத் திறந்தது. விரலைக் கொண்டுபோனேன். நிறுத்தினேன். என்னுடைய வாழ்க்கையில் அழுத்துவதற்கு முன் நான் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

"மோதினார், உங்கட போன் வேலை செய்யுதா?"

அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்தார். "ஜும்ஆவுக்கு அணைச்சது. அப்படியே கிடக்கு."

அழுத்தியிருந்தால்? நினைக்கவே பயமாக இருக்கிறது. அவர் போனைத் திறந்தார். அது பாட்டுப் பாடியது, கைகுலுக்கியது, அவருடைய சிம்மும் மௌத்தானவருடைய சிம்மும் ஒவ்வொன்றாகச் சிக்னல் கம்பியைக் காட்டின. அதற்குப் பிறகு அழுத்தினேன். ஒரு நிமிடத்தில் டிங் என்றது. மோதினார் போனைத் தூரத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கி, ஆறு இலக்கத்தையும் வாசித்தார். பாங்கு சொல்லிப் பழகிய தொண்டை. இலக்கங்கள் தெரு முனைவரைக்கும் கேட்டிருக்கும். இரண்டு நாளாகக் காப்பாற்றிய இரகசியம்.

கணக்குத் திறந்தது. வெறுமையாக இருந்தது. பழைய பேச்சு ஒன்றும் இல்லை, ஒரு நம்பரும் இல்லை. இனிப் பிள்ளையே எடுத்தால்தான் உண்டு. ஆனால் ஒன்று மட்டும் திரும்பி வந்திருந்தது. மேலே வட்டத்துக்குள் கமால்தீன் நானா. உப்புக் குவியலுக்கு முன்னால் தொப்பியோடு நின்று சிரிக்கிறார்.

அதைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. சவூதியில் அந்தப் பிள்ளை போனைத் திறந்தால் வாப்பா வந்துவிட்டார் என்றுதான் காணும். இந்தப் படத்தை எடுத்துவிடலாமா? எடுத்தால் ஏன் எடுத்தார்கள் என்று பயப்படும். வைத்தால் உயிரோடு இருக்கிறார் என்று நம்பும். இதற்கு எந்தக் கடையிலும் பதில் இல்லை. இது என்னுடைய வேலையும் இல்லை. இந்த மாதிரி நேரத்தில் நீங்களாக முடிவெடுக்காதீர்கள். வீட்டுக்காரரைக் கேளுங்கள். நான் கேட்டேன்.

"கிடக்கட்டும் நானா. அவர்ட முகத்தைப் பார்த்தாத்தான் எடுப்பா" என்றா ஜெசீமா ராத்தா.

போனை உள்ளே கொடுத்துவிட்டு நான் எழும்பியிருக்க வேண்டும். நிஸ்தாரின் மனைவி தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குப் போயிருந்தா. வரட்டும் என்று சத்தத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிஸ்தாரிடமே கொடுத்து அனுப்பியிருக்கலாம், அதுவும் தோன்றவில்லை. மணி மூன்று இருபது. நாங்கள் எதிர்பார்த்ததற்குப் பத்து நிமிடம் முன்னால், என் கையில் போன் அடித்தது.

கடை மேசையில் இருக்கும் போன் அடித்தால் நாம் எடுப்போம். குரல் போகிறதா, கேட்கிறதா என்று பார்க்க எடுப்போம். இருபத்திரண்டு வருடப் பழக்கம். என் பெருவிரல் எடுத்துவிட்டது. நான் எடுக்கவில்லை, பெருவிரல் எடுத்தது.

வீடியோ கோல். ஒரு பிள்ளையின் முகம். கறுப்பு முக்காடு, பின்னால் பெரிய குசினி. நல்ல வேளை, போனை நான் மல்லாத்திப் பிடித்திருந்தேன். அவளுக்குத் தெரிந்தது கூரைத் தகரம் மட்டும்.

"வாப்பா! எங்க வாப்பா போனீங்க? போன வெள்ளி எத்தின தடவ எடுத்தேன்! ஏன் கூரையைக் காட்டுறீங்க, முகத்தைக் காட்டுங்களே. வாப்பா, மெடம் கடதாசியோட நிக்கிறா. வெச்சிடவா? ஒப்பரேஷன் திகதி குடுத்திட்டாங்களா? வாப்பா? கேக்குதா?"

நான் "கொஞ்சம் பொறுங்க" என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ஆனால் அவளுடைய வாப்பாவின் போனில் ஒரு வெளி ஆம்பிளையின் குரல் கேட்டால், அந்த ஒரு சொல்லிலேயே அவளுக்கு எல்லாம் விளங்கிவிடும். தகப்பன் இல்லாத செய்தியை மதுரங்குளிப் போன்கடைக்காரனின் வாயால் அவள் கேட்கக் கூடாது. நான் வாயைத் திறக்கவில்லை. போனை அசைக்கவும் இல்லை. நிஸ்தார் எழும்பி, உட்கார்ந்து, மறுபடி எழும்பினார். குசினியில் கோப்பை ஒன்று விழுந்தது.

"வாப்பா, கேக்கல்ல எண்டா கையைக் காட்டுங்க. மெடம் அவசரப்படுத்துறா. நான் வெச்சிடறேனே?"

திரை விலகியது.

ஜெசீமா ராத்தா வெளியே வந்தா. நடந்து வந்தா, ஓடி வரவில்லை. நானும் மோதினாரும் ஒரே நேரத்தில் எழும்பிச் சுவரைப் பார்த்துத் திரும்பினோம். நான் கையை மட்டும் பின்னால் நீட்டினேன். போன் என் கையிலிருந்து போனது.

"மகள், உம்மா. பேனையைக் கீழ வை."

"உம்மா? வாப்பா எங்க?"

"பேனையைக் கீழ வெச்சிட்டியா?"

"ஓம் உம்மா. வெச்சிட்டேன்."

"வாப்பா மௌத்தாகிட்டார் மகள். இண்டைக்குப் பத்து நாள். நித்திரையிலயே போனார், வருத்தப்படல்ல. ஒப்பரேஷன் ஒண்டும் இல்ல இனி. நீ கையெழுத்து வைக்காத. வீட்டுக்கு வா."

சவூதியிலிருந்து சத்தம் வரவில்லை. கோல் வெட்டுப்பட்டுவிட்டதோ என்று என் தொழில்புத்தி ஒரு நொடி நினைத்தது. அதற்காக என்னை நானே வெறுத்தேன். பிறகு அந்தப் பிள்ளையின் அழுகை வந்தது. வாய்விட்டு, வீடு நிறைய. ஜெசீமா ராத்தா, "அழு மகள், அழு, உம்மா இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தா. அவ அழவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நான் அழுதேன். சுண்ணாம்பு பூசிய சுவர், ஒரு காலண்டர்கூட இல்லை, பார்ப்பதற்கு வேறு எதுவும் இருக்கவில்லை. அரை மணித்தியாலம் முடியும் வரைக்கும் நாங்கள் இருவரும் அப்படியே நின்றோம். திரும்ப எங்களுக்குத் தைரியம் இல்லை.

மெடம் அன்றைக்கு நேரத்தைக் கூட்டிக் கொடுக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். ஆனால் கடதாசியை மடித்து வைத்துவிட்டாவாம். ஏழு கிழமைக்குப் பிறகு ரிஸ்மியா வந்து இறங்கினாள். உம்மாவின் இத்தா முடிய இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது, மிச்ச நாளெல்லாம் திரைக்குப் பின்னால் பக்கத்திலேயே இருந்தாள்.

அன்று நாங்கள் செருப்பைப் போட்டுக்கொண்டு முற்றத்தில் இறங்கும்போது நிஸ்தார் பின்னால் வந்தார். முகம் வாடிப்போயிருந்தது. மோதினாரின் கையைப் பிடித்து மெதுவாகக் கேட்டார்.

"மோதினார், ராத்தா இத்தால இருக்கிற நேரம் வெளிய வந்திட்டாவே. இது பிழையா?"

மோதினார் சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிட்டார். மௌத்தானவருடைய சைக்கிள்தான்.

"யாரு வெளிய வந்தது?" என்றார். "நான் சுவரைத்தான் பார்த்துக்கிட்டு நிண்டேன்."